மறைமலை என்னும் பெயர்

ஒருவர்க்கிட்ட பெயர் அவரோடு தோன்றி அவரோடு மறைவதே உலகியல்பு. ஒருசிலர் பெயரோ அவர் மறைந்த பின்னரும் ஊர்க்கும் பாலத்திற்கும் நூல்நிலையத்திற்கும் உரியதாகி நின்று நிலவும். தாம்பரத்தைச் சூழ்ந்த நம் பகுதியில் அவ்வாறு நிலவுவது மறைமலையடிகளின் பெயராகும். ஆயினும், அப்பெயரை நாடோறும் சொல்லும் இளைஞர் பலர்க்கு அஃது இருப்புப்பாதை நிலையம் ஒன்றன் பெயராகவே தோன்றுகின்றது. ஆதலின் அப்பெயர்க்குரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அடிகள் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் நாகப்பட்டினத்தில் தோன்றினர். தந்தையார் சொக்கநாத பிள்ளை, தாயார் சின்னம்மையார். நெடுநாள் மகப்பேறின்றித் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின், அவ்விறைவன் பெயரையே தழுவி வேதாசலம் என்று பெயரிட்டனர் என்பர். இளமையிலேயே தந்தையாரை இழந்தமையாற் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. எனினும் கல்வி நின்றிலது. வெ. நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவர்பால் தமிழ் நூல்களையும், சோமசுந்தர நாயகர்பால் சைவ சித்தாந்தத்தையும் கற்றுத் தேர்ந்தார்.

1898ஆம் ஆண்டிற் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். இப்பொழுது தாம்பரத்தில் விளங்கும் அக்கல்லூரி, அந்நாளிற் சென்னை நகரின் கடற்கரையை அடுத்திருந்தது. 1937ஆம் ஆண்டிலேதான் தாம்பரத்திற்கு வந்தது. சூரியநாராயண சாத்திரியார் என்னும் தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்ட பெரும்புலவர் அங்கே அவர்க்கு உடனாசிரியராய் இருந்தார். இக்காலத்தே அடிகள் முல்லைப்பாட்டிற்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை வரைந்தார்; காளிதாசரின் சாகுந்தல நாடகத்தையும் தமிழில் மொழிபெயர்த்தார். பின்னர்த் தனித்தமிழ்க்கு உழைத்த இவர் வடமொழியை அறியாமல் விலக்கினாரல்லர். அதனை நன்கு கற்றவர் என்பதற்கு இந்நூலே சான்றாகும்.

பல்கலைக்கழகத்துப் புதிய பாடத்திட்டத்தின்படி, இளங்கலை வகுப்பில் தமிழைக் கட்டாயம் பயிலவேண்டும் என்னும் நிலை நீங்கியது. அதனால் தமிழாசிரியர் தேவை குறையவே, 1911ஆம் ஆண்டில் அடிகள் கல்லூரிப் பணியினின்றும் நீங்கினார். பதின்மூன்று ஆண்டு பெற்றுவந்த ஊதியம் நின்றது. மனைவி மக்களோ உடனிருந்தனர். இந்நிலையில் வேறோர் அலுவலைத் தேடி அலையாமல் பல்லாவரத்திற் குடிபுகுந்து, காவியுடை பூண்டு, நூலெழுதுதலையும் சொற்பொழிவாற்றுதலையுமே தொழிலாகக் கொண்டார். தமிழ்நாடெங்கணும் இலங்கையிலும் சென்று உரை நிகழ்த்தினார். தாம் தொடங்கிய சமரச சன்மார்க்க சங்கத்தையும் பல்லாவரத்திலேயே வளர்த்து வந்தார். கையில் ஊதியமின்றிக் குடும்பம் தாங்குதலின் அருமை இல்லறத்தார் அனைவரும் அறிந்ததன்றோ!

1916ஆம் ஆண்டில் ஒருநாள், தம் மகளார் நீலாம்பிகையோடு இராமலிங்க அடிகளின் பாட்டொன்றைப் பாராட்டி உரையாடுங்கால், அதிலுள்ள தேகம் என்னும் சொல்லினிடத்தில் யாக்கை என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் நலமாம் என்று அடிகள் கூறினர் என்பர். அன்றுதொட்டுத் தந்தையும் மகளும் பிறமொழிச் சொற்களை நீக்கி எழுதத் துணிந்தனர். வேதாசலம் மறைமலையாயிற்று, வேதம் மறை, அசலம் மலை. ஞானசாகரம் என்னும் அவர்தம் இதழும் அறிவுக்கடலாயிற்று. சமரச சன்மார்க்க சங்கம் பொதுநிலைக் கழகம் என்னும் பெயர் பெற்றது. பெற்றோர் இட்ட பெயரை அவர் உதறினாரல்லர். அதன் பொருளைத் தமிழிற் காத்துக்கொண்டார். 1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இனி அப்பெயர் பெற்றவற்றைக் காண்போம். ஏறத்தாழ நாலாயிரம் நூல்களை அடிகள் அரிதின் முயன்று தொகுத்திருந்தார். அவற்றைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1958ஆம் ஆண்டிற் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தனர்.

சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல், ஆர்மீனிய வணிகராகிய கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726ஆம் ஆண்டில் ஒரு பாலம் கட்டுவித்தார். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, அது மார்மலாங் பாலம் எனப்பட்டது. அதனிடத்தில் எழுந்த புதிய பாலம் மறைமலையடிகள் பாலம் என வழங்குகின்றது. தாம்பரத்திற்குத் தெற்கே, கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடையே, சென்னையின் நெருக்கத்தைக் குறைத்தற்பொருட்டு அரசினர் அமைத்த துணைநகரம் மறைமலைநகர் ஆயிற்று. திருக்கழுக்குன்றம் அமைந்த அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் இந்நகரும் உளது. ஆகவே, ஒரு மலையினின்றும் குழந்தைக்கு வந்த பெயர், தமிழாகி, அம்மலையின் மாவட்டத்திற்கே ஊர்ப்பெயராய்த் திரும்பிற்று எனலாம்.

இம்மூன்றனுள் பாலமும் நகரும் பிறர் அவர்க்குச் செய்த சிறப்பு. நூல்நிலையமோ அவர் தாமே ஈட்டிய செல்வம். பெயரைப் பலகையில் எழுதிய அளவில் நம் கடமை முற்றிற்று எனக் கருதுதல் கூடாது. பொருளறியாது வழங்கும் பெயர், மாம்பலம் மார்மலாங் ஆனதுபோல, நாளடைவில் வெற்றொலியாகிவிடும். நம் சங்கத்து அன்பர்கள் மன்றங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் பெரியோர் பெயரை இடுவது நன்றே. அங்ஙனம் இடுங்கால் அப்பெரியார் எழுதிய நூல் ஒன்றையேனும் அக்கட்டடத்துள் வைப்பார்களாக. மறைமலைநகர்க்குச் செல்லும் வண்டியிற் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் பெற்றோர், இங்குக் கூறிய வரலாற்றை அவர்க்கு எடுத்துரைப்பார்களாக. தாம்பரத்தினின்றும் அந்நிலையத்தை அடைதற்குள் அதனைச் சொல்லி முடித்தல் கூடும்.