புனித தேவசகாயம்

புனித தேவசகாயம் (ஏப்ரல் 23, 1712 – ஜனவரி 14, 1752) திருவிதாங்கூர் அரசில் உயர் அலுவலராகப் பணியாற்றிப் பின்னர் கிறித்தவ சமயத்தைத் தழுவியவர் ஆவார். சமய நம்பிக்கையின் பொருட்டு உயிர் துறந்த மறைசாட்சியாகக் கத்தோலிக்கத் திருச்சபை இவரைப் போற்றுகிறது. இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே. குலப்பெருமையையும் பதவியையும் துறந்து எல்லா மக்களோடும் சமமாகப் பழகியதால், தாழ்ச்சி என்னும் கிறித்தவ நற்பண்புக்கு இவருடைய வாழ்க்கை எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பிறப்பும் அரசப் பணியும்

இவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்னும் ஊரில் செல்வமும் செல்வாக்கும் மிக்க நாயர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மை. மருமக்கள்தாய முறைப்படி தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். வடமொழியும் போர்ப்பயிற்சியும் கற்றபின் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அலுவலரானார். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலின் நிருவாகப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். பார்கவி அம்மாளை மணந்தார்.

டிலனாயும் யோபுவின் வரலாறும்

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவரான யூஸ்டேசியஸ் டிலனாய் பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுத் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றார். உதயகிரிக் கோட்டைப் பணியின்போது நீலகண்டனுக்கும் அவருக்கும் நட்பு ஏற்பட்டது.

அக்காலத்தில் நீலகண்டனின் குடும்பம் அடுத்தடுத்துப் பொருளிழப்புகளைச் சந்தித்தது. மனம் தளர்ந்த அவருக்கு டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்பது மரபு. யோபு குற்றமற்ற செல்வர். மக்களையும் உடைமைகளையும் உடல் நலத்தையும் இழந்தவர். தன் நேர்மையைச் சான்றாகக் காட்டிக் கடவுளிடம் நியாயம் கேட்ட அவர், இறுதியில் படைப்பின் பெருமைக்கு முன் தன் அறிவின் சிறுமையை உணர்ந்து அமைதியடைகிறார். இந்த வரலாறே நீலகண்டனைக் கிறித்தவத்தின்பால் ஈர்த்ததாகக் கூறப்படுகிறது.

திருமுழுக்கு

திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள வடக்கன்குளத்தில், 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் இவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கமான தேவசகாயம் என்ற பெயர் இவருக்கு இடப்பட்டது. இவருடைய மனைவியும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்று பெயர் பெற்றார்.

தாழ்ச்சியும் சமத்துவமும்

கத்தோலிக்கப் போதனையில் தலையான பாவங்கள் ஏழனுள் தற்பெருமை முதலாவதாகும். தன்னிடம் உள்ள நன்மை கடவுளிடமிருந்து வந்தது என்பதை மறந்து, அதைத் தன் தகுதியாகக் கருதிப் பிறரைத் தாழ்வாக எண்ணுவதே தற்பெருமை. இதற்கு எதிரான நற்பண்பு தாழ்ச்சி. அது தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொள்வது அன்று; கடவுளுக்கு முன் தன் நிலையை உள்ளபடி அறிவதாகும். கோயிலில் செபிக்க வந்த பரிசேயன், வரிதண்டுபவன் ஆகிய இருவர் பற்றி இயேசு கூறிய உவமை இதனையே விளக்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் இப்போதனையைக் கடைப்பிடிப்பது எளிதன்று. யார் யாரைத் தொடலாம், எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், யாருடன் உண்ணலாம் என்பன சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தன. தேவசகாயம் தாழ்த்தப்பட்ட மக்களுடன் கலந்து பழகினார், அவர்களுடன் உண்டார். சமயம் மாறியதைவிட இந்த ஒழுகலாறே உயர்குலத்தவரின் சினத்தை மிகுவித்தது எனக் கருதுவோர் உண்டு.

கைதும் இறப்பும்

1749இல் இவர் பதவி நீக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின்மீது பின்னோக்கி அமர்த்தி, ஊர்தோறும் கொண்டு சென்றனர் என்று திருச்சபை மரபு கூறுகிறது. ஊரார் வணங்கிய அலுவலரை ஊரார் நகைக்கும்படி செய்வதே இத்தண்டனையின் நோக்கம். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைவிடப்பட்டிருந்த உடலின் எச்சங்களை நம்பிக்கையாளர்கள் எடுத்துச் சென்று நாகர்கோவில் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

மாற்றுக் கருத்து

மதமாற்றத்திற்காகத் திருவிதாங்கூர் அரசு மரண தண்டனை விதித்ததற்குச் சான்று இல்லை எனச் சில வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுள்ளனர். அரசுக்கு எதிரான குற்றமே தண்டனைக்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. திருச்சபை இதனை ஏற்கவில்லை.

வடக்கன்குளம் மதில்

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில் சாதி வேற்றுமை மறையவில்லை. அங்கு 1872இல் எழுப்பப்பட்ட ஆலயம் ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களாக அமைந்தது. வேளாளர் ஒரு கூடத்திலும் நாடார் முதலிய பிறர் மற்றொன்றிலும் இருந்து வழிபடும்படி இடையில் மதில் இருந்தது. 1910இல் கௌசானல் அடிகளார் அம்மதிலை இடிக்கச் செய்தார். வேளாளக் கிறித்தவர் சிலர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

புனிதர் பட்டமும் சாதிப் பெயரும்

2012 திசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் நடந்த விழாவில் இவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் வழங்கப்பட்டது. அப்போது இவர் தேவசகாயம் பிள்ளை என்றே அழைக்கப்பட்டார். சாதியைத் துறந்த ஒருவரைச் சாதிப் பெயருடன் புனிதராக்குவது பொருந்தாது என்று எதிர்ப்பு எழுந்தது. பிள்ளை என்பது அரசு அலுவலருக்குரிய சிறப்புப் பெயரே என்று மறுத்தவர்களும் இருந்தனர். முடிவில், 2020இல் வத்திக்கான் அப்பெயரை நீக்கியது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு, தேவசகாயம் என்ற பெயரிலேயே இவரைப் புனிதராக அறிவித்தார்.

இவருடைய நினைவு நாள் சனவரி 14. கோட்டாறு ஆலயத்தில் உள்ள கல்லறையும் காற்றாடிமலையும் திருப்பயணத் தலங்களாக உள்ளன.