பாட்டிலில் சிரித்த பாட்டி: இறந்த பிறகும் கர்ப்பிணிகளுக்கு பதில் எழுதிய லிடியா பிங்க்ஹாம்!

இன்ஸ்டாவில் முகம் காட்டி பொருள் விற்கிறவங்களுக்கெல்லாம் இவங்கதான் முன்னோடி. பெயர் லிடியா பிங்க்ஹாம். 1819-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லின் என்ற ஊரில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம். அடிமை முறையை எதிர்த்தவர், குடிக்கும் எதிரி. அடிமைத்தளையில் இருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் இவருக்கு நண்பர்.

டீச்சராக இருந்தவர், 1843-ல் ஐசக் பிங்க்ஹாமைக் கல்யாணம் செய்தார். ஐசக் நிலத்தில் பணம் போட்டார். 1873 பொருளாதாரச் சரிவில் எல்லாம் போச்சு. லிடியாவுக்கு அப்போ 54 வயசு.

அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த மூலிகைக் கஷாயத்தை 1875-ல் விற்க ஆரம்பித்தார். வீட்டு அடுப்பில்தான் தயாரிப்பு. விலை ஒரு டாலர். நோட்டீஸ் கொடுப்பது மகன் டேனியல் வேலை. கர்ப்பப்பை இறக்கம், மாதவிடாய் வலி என்று லேபிளில் பெரிய பட்டியல். கர்ப்ப காலத்துக்கு நல்ல துணை, பிரசவ வலியைக் குறைக்கும் என்றும் போட்டிருந்தார்கள்.

உள்ளே என்ன? சில வேர்கள், கூடவே நம்ம வெந்தயம். பிளாக் கோஹோஷ் என்ற வேரை கர்ப்பிணிகள் தவிர்க்கணும்னு இன்றைய மருத்துவம் சொல்கிறது. அதோட சுமார் 18% ஆல்கஹால். ஒயினைவிட அதிகம்! கெட்டுப்போகாமல் இருக்கவும் சாறு இறங்கவும்தான் சேர்த்தோம் என்பது கம்பெனியின் விளக்கம். சாராயத்தை எதிர்த்த அம்மா வீட்டிலேயே இப்படி. வாங்கிய கர்ப்பிணிகளுக்கு இது தெரியாது, ஏன்னா லேபிளில் போடவே இல்லை.

அப்புறம் ஏன் வாங்கினாங்க? அன்றைய டாக்டர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்கள். உடம்பைக் காட்டவே கூச்சம். போனாலும், நல்லா இருந்த சினைப்பையை வெட்டி எடுக்கிற ஆபரேஷன் வரை போகும். அதில் செத்தவர்களும் உண்டு. இந்த நிலையில் ஒரு பாட்டி, எனக்கு எழுதுங்க, ஆண் கண்ணில் படாதுன்னா யார் எழுத மாட்டாங்க? 1879-ல் விளம்பரத்தில் அவர் முகமே வந்தது. கடிதங்கள் குவிந்தன. உடற்பயிற்சி, சுத்தம், சாப்பாடு என்று பதிலில் உருப்படியான யோசனைகளும் இருந்தன. அதையும் சொல்லணும்.

டேனியலும் இன்னொரு மகன் வில்லியமும் 1881-ல் அடுத்தடுத்து காசநோயில் இறந்தார்கள். பெண்களின் எல்லா நோய்க்கும் மருந்து விற்ற தாயால் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியல. 1883 மே மாதம் அவரும் போய்விட்டார்.

ஆனா விளம்பரம் நிற்கல. மிஸஸ் பிங்க்ஹாமுக்கு எழுதுங்கள் என்று அப்புறமும் வந்துகொண்டே இருந்தது. பதில்களும் போயின. 1905-ல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகை ஆசிரியர் எட்வர்ட் போக், அவர் கல்லறையின் போட்டோவையே அச்சிட்டார். 22 வருஷமா யாருக்கு எழுதுகிறோம் என்று பெண்கள் அப்போதான் பார்த்தார்கள். மிஸஸ் பிங்க்ஹாம் என்றால் எங்கள் வீட்டு மருமகள்தான் என்றது கம்பெனி.

1906-ல் வந்த உணவு, மருந்துச் சட்டத்துக்குப் பிறகுதான் ஆல்கஹால் அளவு லேபிளில் ஏறியது. அதற்கப்புறமும் விற்பனை படுக்கல. 1925-ல்தான் உச்சத்தையே தொட்டது. லிடியாவின் மகள் அரோலின், 1922-ல் பக்கத்து ஊரான சேலத்தில் அம்மா பெயரில் ஒரு கிளினிக் திறந்தார். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும்.