வயரே இல்லாமல் மணியடித்த ஜெகதீஷ் சந்திர போஸ்... தோட்டத்து ட்ரோனுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

நாமக்கல் மாவட்டம் மோகனூர் பக்கம் கரும்புக்காட்டுக்கு மேலே மருந்தடிக்கும் ட்ரோன் பறக்கிறது. வரப்பில் நிற்பவர் கையில் ஒரு ரிமோட். ஸ்டிக்கை லேசா நகர்த்தினா போதும், மருந்து டேங்கைச் சுமந்துகிட்டு ட்ரோன் அப்படியே திரும்புது.

அதைத் தூக்கும் பலம் ரிமோட்டிலிருந்து வரும் ரேடியோ அலையில் இருக்கா? இல்லவே இல்லை. ட்ரோன் வரை போய்ச் சேரும் சிக்னலுக்கு ஒரு ஈயின் இறக்கையை அசைக்கக்கூட சக்தி கிடையாது. பலம் முழுக்க ட்ரோனில் இருக்கும் பேட்டரியில்தான். அந்த சக்தியை எப்போ, எவ்வளவு திறந்துவிடணும் என்ற உத்தரவு மட்டும்தான் சிக்னலில் வருகிறது.

நம்ம ஊர் விவசாயிகளுக்கு இது புதுசு இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் கிணற்று மோட்டாரைப் போடுறாங்களே, அதே கதைதான். மோட்டாரை ஓட்டுவது கரண்ட். போனிலிருந்து போவது உத்தரவு மட்டும்.

இந்த சூட்சுமத்தை 1895லேயே பொதுமக்கள் முன்னால் செய்து காட்டியவர் ஓர் இந்தியர். அவர்தான் ஜெகதீஷ் சந்திர போஸ்.

அன்று என்ன நடந்தது?

இடம், கொல்கத்தா டவுன் ஹால். போஸ் ஒரு பக்கத்தில் மின்காந்த அலையை உண்டாக்கினார். அது அங்கிருந்த வங்காள லெப்டினன்ட் கவர்னரின் உடலையும், சுவர்களையும் கடந்து, சுமார் 75 அடி தூரத்தில் இருந்த கருவியைத் தொட்டது. அடுத்த நொடி மணி அடித்தது. வெடிமருந்தும் வெடித்தது. நடுவில் ஒரு வயர்கூட இல்லை.

அலை நேரடியாக மணியை அடிக்கவில்லை. மறுமுனையில் இருந்த ஒரு சென்சார் அலையை உணர்ந்தது. உடனே அங்கே மாட்டியிருந்த பேட்டரியின் மின்சாரம் பாய்ந்தது. அந்த மின்சாரம்தான் மணியை அடித்தது. உணர்வது, திறப்பது, அசைப்பது. இன்றைய ரிமோட் விமானத்திலும் இதே மூன்று படிகள்தான்.

யார் இந்த போஸ்?

1858 நவம்பர் 30ல், இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், மீனவர் வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கும் வங்காளப் பள்ளியில் சேர்த்தார். பிறகு கொல்கத்தா, லண்டன், கேம்பிரிட்ஜ் என்று படிப்பு தொடர்ந்தது.

1885ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் சம்பளம்? ஐரோப்பிய ஆசிரியர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. 3 வருஷம் ஒரு நாள் தவறாமல் பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் கையால் தொடவில்லை. வீட்டில் அப்பாவின் கடன் கழுத்தை நெரித்த நேரம் அது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. அந்தப் பணம் கடனை அடைக்க உதவியது.

சரியான ஆய்வகம்கூட இல்லாத அந்தக் கல்லூரியில்தான், ஒரு சின்ன அறையில், உள்ளூர்க் கைவினைஞரை வைத்துக் கருவிகளைச் செய்தார்.

தட்டிக்கொண்டே இருக்க வேண்டிய சென்சார்

அன்றைக்கு ரேடியோ அலையை உணரப் பயன்பட்டது கோஹீரர். கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத்தூள், அவ்வளவுதான். அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். பிரச்னை என்னன்னா, ஒட்டியது தானாகப் பிரியாது. ஒவ்வொரு சிக்னலுக்கும் குழாயைத் தட்டிவிடணும்.

1898ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ரேடியோவால் ஓட்டிக் காட்டிய குட்டிப் படகிலும் இதே தலைவலி இருந்தது. குழாயைப் புரட்டிப்போடவே படகுக்குள் தனி அமைப்பு வைக்க வேண்டியிருந்தது.

போஸ் தூளுக்குப் பதில் சிறு சிறு ஸ்பிரிங்குகளை வரிசையாக அடுக்கினார். 1899ல் இரும்பும் பாதரசமும் சேர்ந்த, தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பும் உணர்கருவியை லண்டன் ராயல் சொசைட்டியில் அறிவித்தார்.

இது ஏன் முக்கியம்? ரிமோட் விமானத்தின் இறக்கையை அசைக்கும் சர்வோ மோட்டாருக்கு வழக்கமாக நொடிக்கு 50 தடவை உத்தரவு போகிறது. ஒவ்வொன்றும் 1 முதல் 2 மில்லி செகண்ட் நீளமுள்ள துடிப்பு. துடிப்பின் நீளத்தைப் பார்த்துத்தான் சர்வோ எந்தக் கோணத்தில் நிற்பது என்று முடிவு செய்கிறது. கை சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்ல உள்ளேயே ஒரு சென்சாரும் உண்டு. ஒரு உத்தரவைக் கேட்டதும் அடுத்ததுக்குத் தயாராகாத ரிசீவரை வைத்து விமானம் ஓட்ட முடியுமா?

கைக்கு வந்த பணத்தை வேண்டாம் என்றவர்

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் பிடித்தார். அவர் பயன்படுத்தியது பாதரச உணர்கருவி. அதன் மூலம் போஸின் 1899 கண்டுபிடிப்புதான் என்று 1998ல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை வாதிட்டது. ரேடியோவைத் தகவல் தொடர்பாக, தொழிலாக வளர்த்தவர் மார்க்கோனி. அதை மறுக்க முடியாது. 1909ல் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

போஸுக்கும் அதே 1901ல் வாய்ப்பு கதவைத் தட்டியது. லண்டனில் ஒரு தந்தி நிறுவன முதலாளி லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லி காப்புரிமை கேட்டார். அறிவு எல்லோருக்கும் பொது என்று நினைத்த போஸ் மறுத்துவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா என்ற ஈயத்தாதுவில் செய்த உணர்கருவிக்கு மட்டும் அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904ல் காப்புரிமை கிடைத்தும் அதில் காசு பார்க்கவில்லை.

பிறகு அவர் கவனம் செடிகளின் பக்கம் திரும்பியது. செடியின் வளர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். 1917ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23ல் காலமானார்.

இன்று?

போஸ் கையாண்ட அலைகளின் நீளம் வெறும் 5 மில்லிமீட்டர் வரை குறுகியது. அந்தக் காலத்தில் அதனால் பெரிய பயன் எதுவும் தெரியவில்லை. இன்றைக்குப் பல மருந்தடிக்கும் ட்ரோன்களின் வயிற்றில் பயிருக்கு மேல் உயரத்தை அளக்கும் ரேடாருக்குப் பெயரே மில்லிமீட்டர் அலை ரேடார். 1894 முதல் 1896 வரை அவர் செய்த சோதனைகளை உலக மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 2012ல் மைல்கல்லாக அங்கீகரித்தது.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு மையம். இந்தப் பகுதி பிள்ளைகள் நாளைக்கு ட்ரோன் பாகங்கள் செய்யும் வேலைக்குப் போகலாம். அவர்கள் கையில் எடுக்கும் ரிசீவருக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதில் பாதிச் சம்பளம்கூடத் தராத கல்லூரியில், சின்ன அறையில் ஸ்பிரிங் அடுக்கிய ஒரு வாத்தியாரும் இருக்கிறார்.