ஏ. டி. பன்னீர்செல்வம்

சர் ஏ. டி. பன்னீர்செல்வம் (ஜூன் 1, 1888 - மார்ச் 1, 1940) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், அரசியல்வாதி. நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர்.

இளமை

இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் தஞ்சாவூரில் வழக்கறிஞராகப் பணியாற்றினார்.

பொதுப்பணி

தஞ்சாவூர் நகராட்சித் தலைவராகவும், 1920களில் மாவட்டக் கழகத் தலைவராகவும் இருந்தார். மாவட்டக் கழகத்தின் பொறுப்பில் இருந்த ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளில் பிராமணர் அல்லாத மாணவர்களும் தங்கிப் பயில வழிசெய்தார். வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டு வந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் இடம்பெற்றதில் இவருக்குப் பங்குண்டு.

1931 இல் இலண்டனில் நடைபெற்ற இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர்களின் சார்பாகக் கலந்துகொண்டார். அங்கு அம்பேத்கர், ஆகா கான் முதலியோருடன் சிறுபான்மையினர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்.

அமைச்சர்

1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை நீடித்த கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் உள்துறை, நிதி ஆகிய துறைகளை வகித்தார்.

இந்தி எதிர்ப்பு

1938 இல் இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்தார். அவ்வாண்டு டிசம்பரில், சிறையிலிருந்த பெரியார் நீதிக்கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சென்னை மாநாட்டில் பெரியாரின் தலைமையுரையைப் பன்னீர்செல்வமே படித்தார். கட்டாய இந்தி ஆணை 1940 பிப்ரவரி 21 அன்று திரும்பப் பெறப்பட்டது.

மறைவு

அடுத்த சில நாட்களில், இந்தியா அமைச்சரின் ஆலோசகராகப் பதவியேற்க இலண்டன் புறப்பட்டார். மார்ச் 1 அன்று இவர் பயணம் செய்த ஹானிபல் என்னும் விமானம் ஓமன் வளைகுடாப் பகுதியில் எண்மருடன் காணாமற்போனது. விமானத்தின் சிதைவுகள் கிடைக்கவில்லை. பெரியாருக்கும் கட்சிக்கும் இது பேரிழப்பாயிற்று. ஈரோட்டிலுள்ள பன்னீர்செல்வம் பூங்கா இவர் பெயரைத் தாங்கியுள்ளது.