நடந்தே வாழ்ந்த காந்தியடிகள்

விடியுமுன் எழுந்து ரயிலைப் பிடித்து, நாள் முழுவதும் நாற்காலியிலோ மிஷின் முன்போ கழித்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறவருக்குத் தமக்கு ஓர் உடம்பு இருப்பது இடுப்பு வலிக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. காந்தியடிகளுக்கும் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வேலைகளுக்கு நடுவிலேயே உடம்பைக் கவனிக்கவும் அவர் பழகிக்கொண்டார்.

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்தவர், ராஜ்கோட் பள்ளியில் தேகப் பயிற்சி வகுப்பு என்றாலே ஒதுங்கினார். கூச்சம் ஒரு காரணம். ஆனால் திறந்த வெளியில் நடப்பது நல்லது என்று படித்திருந்ததால் நடைப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. 1888-ல் சட்டம் படிக்க லண்டன் சென்றபோது அது கைகொடுத்தது. சிக்கனத்துக்காக நாளுக்கு எட்டு, பத்து மைல் நடந்தார். வண்டிச் செலவும் மிச்சம், நோயும் அண்டவில்லை.

1893-ல் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் முடி வெட்ட மறுத்ததும், கத்தரிமெஷின் வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கோணலாகிவிட, கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

1909-ல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போது 'இந்திய சுயராஜ்யம்' நூலைப் பத்தே நாளில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். நாளெல்லாம் பேனா பிடிக்கிற குமாஸ்தாக்களுக்கு அதன் அருமை தெரியும்.

1910-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின, தமிழர்களும் பலர். சொந்தக் காரியமாக நகரத்துக்குப் போகிறவர் நடந்தே போக வேண்டும் என்பது விதி. நடுநிசி கடந்ததும் புறப்பட்டுவிடுவார்கள். வக்கீல் காந்தியும் நடந்தார்; செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டார்.

ஆனால் அவரும் ஒருமுறை தவறினார். 1918-ல் கேடா மாவட்டத்தில், நிலக்கடலையும் எலுமிச்சையுமே பிரதான ஆகாரமாக, நாளுக்கு 20 மைல் வரை அலைந்தார். வயிற்றுக் கடுப்பு கண்டது. அதை மதித்துப் பட்டினி கிடந்தவர், பண்டிகை நாளில் கஸ்தூரிபா வைத்திருந்த இனிப்புக் கஞ்சியைக் கண்டு மனம் தளர்ந்து வயிறாரச் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் நோய் முற்றியது. மருந்தும் ஊசியும் வேண்டாம் என்றார். பிழைக்கமாட்டோம் என்றே நினைத்தார்.

பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்று பம்பாயில் டாக்டர் கூறினார். பசு, எருமைகளுக்குச் செய்யும் கொடுமையை அறிந்து பாலை விட்டவர் அவர். விரதம் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும்தானே என்று கஸ்தூரிபா வழி காட்டினார். உயிர் மேல் ஆசை வைத்து ஆட்டுப்பால் குடித்தார். அந்தச் சமரசம் கடைசிவரை அவர் மனத்தை உறுத்தியது. தவறு நாக்கினுடையது, தண்டனை உடம்புக்கு என்பதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

தேறிய அதே உடம்புதான் 1930-ல், 60 வயதில், சபர்மதியிலிருந்து தண்டி வரை சுமார் 240 மைலை 24 நாளில் கடந்தது. 1947-ன் தொடக்கத்தில், 77 வயதில், கலவரம் கண்ட நவகாளியில் வெறுங்காலுடன் ஊர் ஊராக நடந்தது.

1948 ஜனவரி 30 மாலை, டில்லியில் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதே என்று இரண்டு பெண்களின் தோளைப் பற்றி வேகமாக நடந்து வந்தார். குண்டு பாய்ந்தபோதும் அவர் தம் காலில்தான் நின்றிருந்தார்.