சாய்வா யோசிச்ச வண்டிக்காரர்: ஹென்றி டிம்கென்

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போற ஜி.எஸ்.டி. ரோட்டில், எங்க வீட்டு வேன் அறுபதைத் தொட்டதும் ‘ம்ம்ம்’னு முனக ஆரம்பிச்சது. டயர் தேய்மானம்னு அப்பா நினைச்சார். விழுப்புரத்தில் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் ஓட்டிப் பார்த்தார். காலி ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசா வலது பக்கம் ஒடிச்சார், சத்தம் கூடிச்சு. இடது பக்கம் ஒடிச்சார், அடங்கிச்சு. இடது முன் வீல் பேரிங் போச்சு, ஹப்போட மாத்தணும்னு சொல்லிட்டார். ஜாக்கி போட்டு டயரை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டினா, ‘டொக் டொக்’.

வண்டி வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் ஏறும். கூடவே பக்கவாட்டிலும் ஒரு தள்ளு விழும். இந்தத் தள்ளைத்தான் ஹென்றி டிம்கென் தன் கடைசிக் காலத்தில் பிடிச்சுக்கிட்டார்.

டிம்கென் 1831-ல் ஜெர்மனியில் பிரெமன் நகரத்துப் பக்கம் பிறந்தவர். 1838-ல் குடும்பம் அமெரிக்காவுக்குப் போய் மிசௌரியில் விவசாயம் பார்த்தது. பையனுக்கு ஏர் ஒட்டலை. செயின்ட் லூயிஸில் வண்டி செய்யும் பட்டறையில் தொழில் கத்துக்கிட்டு, 1855-ல் சொந்தப் பட்டறை போட்டார். 1877-ல் குதிரை வண்டிக்கு ஒரு ஸ்பிரிங் கண்டுபிடிச்சு காப்புரிமை வாங்கினார். நல்ல காசு. 1880-களின் கடைசியில் சான் டியாகோவில் போய் ஓய்வா உட்கார்ந்தார். ஆனா உட்கார முடியலை, மறுபடி தொழிலுக்கே வந்துட்டார். அறுபது வயசு தாண்டியும் அவரை விடாத பிரச்சினை, உராய்வு.

நம்ம ஊர் மாட்டு வண்டியை நினைச்சுக்கங்க. இரும்பு இருசு மேல சக்கரம் தேய்ஞ்சுக்கிட்டே சுத்தும், அதுக்குத்தான் வண்டி மை. சக்கரம் வெளியே கழண்டு போகாம இருக்கக் கடையாணி. அதாவது பாரத்தை இருசு தாங்குது, பக்கவாட்டுத் தள்ளைக் கடையாணி தாங்குது. உருளையோ குண்டோ வெச்ச பேரிங் அப்பவே இருந்தது. ஆனா நேர் உருளை மேலிருந்து வர்ற பாரத்தை மட்டும்தான் நல்லா தாங்கும். வளைவில் தள்ளு வந்தா ஓரம் தேய்ஞ்சிடும்.

டிம்கென் உருளையை ஒரு பக்கம் குறுகலாக்கி, சாய்வா வெச்சார். அந்தச் சாய்வுகளை எல்லாம் நீட்டினா அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் சேரும். அதனால உருளை வழுக்காம உருளும், பாரம் தள்ளு ரெண்டையும் தாங்கும். ஒரு பேரிங் ஒரு திசைத் தள்ளைத்தான் வாங்கும்ங்கிறதால ஒரு சக்கரத்துக்கு ரெண்டை எதிரெதிரா வெக்கணும். மெஷின் எலிமென்ட்ஸ் புத்தகத்தில் ரெண்டு வரியில் முடிஞ்சு போற விஷயம் இது. தன் உறவுக்காரர் ரெஜினால்ட் ஹைன்ஸெல்மனோடு சேர்ந்து 1898-ல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போ டிம்கெனுக்கு 66 வயசு.

கம்பெனியில் சொல்லப்பட்டு வரும் ஒரு கதை உண்டு. பெரிய பாரவண்டியை ரெண்டு சின்னக் கோவேறு கழுதைகள் இழுத்துக்கிட்டு வந்ததைப் பார்த்து, மிருகவதைனு ஓட்டுநரைப் பிடிச்சுட்டாங்களாம். சக்கரத்துக்குள்ள இருந்த பேரிங்கைக் காட்டி விளக்கின பிறகுதான் விட்டாங்களாம். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேணும்!

1899-ல் கம்பெனி தொடங்கினார். மகன்கள் அதை ஒஹையோவின் கேன்டனுக்கு மாத்தினாங்க. ஸ்டீலுக்கும் கிட்ட, டெட்ராய்ட் கார்களுக்கும் கிட்ட. ஃபோர்டின் மாடல் டி 1908-ல் வந்தது. குதிரை வண்டிக்காரரான டிம்கென் 1909-ல் சான் டியாகோவில் காலமானார்.

லாரிகளில் இன்னைக்கும் டேப்பர் பேரிங் ஜோடிதான். நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுத்திவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, பின் மாட்டுவாங்க. அந்தக் கை அளவு தப்பினா ஒண்ணு சூடாகும், இல்லை ஆடும். எங்க வேன் மாதிரி சீல் போட்ட ஹப்பில் அதை ஃபேக்டரியிலேயே முடிச்சுடறாங்க. ஆனாலும் அச்சு நட்டை அண்ணன் டார்க் ரெஞ்ச் வெச்சு, மேனுவல் அளவு பார்த்துத்தான் இறுக்கினார்.

பழைய ஹப்பைக் கேட்டு வாங்கி வந்துட்டேன். உள்ளே உருளை இல்லை, ரெண்டு வரிசை பால்ரஸ் குண்டு. ஆனா அந்த வரிசைகளும் எதிரெதிர் சாய்வில்தான் நிக்குது. வொர்க்ஷாப்பில் பாதியா அறுத்து வெக்கலாம்னு இருக்கேன், பார்க்க நினைக்கிறவங்க வாங்க.