விதைகளைத் தேடிய வாவிலோவ்

எங்கள் கம்போங் மேடான் பக்கம் பீச் பழமும் நெக்டரின் பழமும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு விலையில் விற்கப்படுகின்றன. உண்மையில் இரண்டும் ஒரே இனம். பீச்சின் தோலில் பூனைமயிர் போன்ற சுணை உண்டு. ஒரு மரபணு மாறியதால் அது இல்லாமற் போனதே நெக்டரின். வெள்ளைச் சதை, மஞ்சள் சதை, கொட்டையை விட்டுப் பிரிவது, ஒட்டிக்கொள்வது, தட்டை வடிவம் என்று வகைகள் இன்னும் நீளும்.

இத்தகைய வேறுபாடுகளைத் தேடியே வாழ்ந்தவர் நிக்கொலாய் வாவிலோவ். 1887இல் மாஸ்கோவில் பிறந்தவர். ஒரு பயிரின் வகைகள் எங்கே மிகுந்திருக்கின்றனவோ, அங்கேதான் அது தோன்றியிருக்க வேண்டும் என்று 1926இல் எழுதினார். பீச்சுக்குச் சீனாவைக் காட்டினார். வாழைக்கும் மங்குஸ்தீனுக்கும் இந்திய-மலாய் வட்டாரத்தை. அவர் வரைபடத்தில் நம் மண்ணும் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி!

பஞ்சத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஐந்து கண்டங்களில் அலைந்தார். அவரும் குழுவினரும் லெனின்கிராட்டில் சேர்த்த மாதிரிகள் சுமார் 250,000. ஆனால் மரபியலை மறுத்த லைசென்கோவுக்கே ஸ்டாலினின் ஆதரவு கிடைத்தது. 1940 ஆகஸ்டில், உக்ரேனில் பயிர் தேடிப் போன இடத்தில் வாவிலோவ் கைதானார். மரண தண்டனை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26 அன்று சராத்தோவ் சிறையில், உணவின்றி நலிந்து இறந்தார். வயது 55.

அந்தப் போர்க்காலத்தில்தான், முற்றுகைக்குள்ளான லெனின்கிராட்டில் அவருடைய சக ஆய்வாளர்கள் சிலர், நெல்லும் கோதுமையும் கையருகே இருந்தும் அவற்றைத் தொடாமல் பசியால் மாண்டார்கள். சோவியத் அரசு வாவிலோவின் தண்டனையை 1955இல் ரத்து செய்தது.